பொம்மை ரயில் என்று எழுதாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் தேவகோட்டை ரஸ்தாவில் குடியிருக்கிறேன். திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனையில் முப்பத்தேழு வருடம் ஃபிட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். காலையில் ரஸ்தா டீக்கடையில் உங்கள் பத்திரிகையை முதல் ஆளாகப் பிரிப்பவனும் நான்தான். பத்திரிகைக்கு இதுவரை கடிதம் எழுதியதில்லை. இப்போது எழுதக் காரணம் ஒரே ஒரு சொல்.

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக ஊட்டிக்குப் போகும் ரயிலைப் பற்றி அடிக்கடி எழுதுகிறீர்கள். செய்திப் பக்கத்தில் மலை ரயில் என்று சரியாகவே போடுகிறீர்கள். சுற்றுலாப் பக்கத்துக்கு வந்தால் மட்டும் அது பொம்மை ரயில் ஆகிவிடுகிறது. கோடை விடுமுறை நெருங்கினால் தலைப்பிலேயே பொம்மை ரயில். தயவுசெய்து அந்தச் சொல்லை விட்டுவிடுங்கள். இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் எழுதுகிறேன்.

போன கோடையில் என் மகள் குடும்பத்தோடு ஊட்டிக்குப் போய் வந்தாள். பேத்திக்கு ஆறாம் வகுப்பு முடிந்திருந்தது. திரும்பி வந்ததும் ஆசையாகக் கூப்பிட்டு, ரயில் எப்படி இருந்தது என்று கேட்டேன். "ஐயா, பொம்மை ரயில்னு சொன்னாங்க. ஆனா ரொம்ப மெதுவாப் போச்சு. சைக்கிள்ல போனாக்கூட முந்திரலாம்" என்றாள். சரி, குன்னூரில் நின்றதா என்றேன். நின்றதாம், இறங்கி பஜ்ஜி வாங்கினார்களாம். இன்ஜினைப் பார்த்தாயா என்றேன். "இன்ஜின் முன்னாடி இல்லையே ஐயா" என்றாள்.

அவள் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. மலை ஏறும் பாதையில் அந்த ரயிலின் வேகம் மணிக்கு 13 கிலோமீட்டர்தான், சைக்கிள் முந்தும். மேலே ஏறும்போது இன்ஜின் முன்னால் இருக்காது என்பதும் சரி. ஆனால் ஏன் மெதுவாகப் போகிறது, ஏன் இன்ஜின் பின்னால் இருக்கிறது என்று கேட்க அவளுக்குத் தோன்றவில்லை. பொம்மை என்று சொல்லி அனுப்பிவிட்டோம். பொம்மையிடம் யாராவது காரணம் கேட்பார்களா? நன்றாக விளையாடியதா, இல்லையா, அவ்வளவுதான் கேட்போம். பிள்ளையும் அதைத்தான் சொன்னாள்.

அன்று ராத்திரி அவளை உட்கார வைத்து ஒரு மணி நேரம் பேசினேன். அதில் கொஞ்சம் உங்களுக்கும் எழுதுகிறேன்.

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 330 மீட்டர் உயரம். ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல். பாதையின் மொத்த நீளம் 46 கிலோமீட்டர். கல்லாறு வரை சமவெளி, அதுவரை மற்ற ரயிலைப் போலத்தான் போகும். கல்லாறு தாண்டினால் மலை. அங்கிருந்து குன்னூர் வரை கிட்டத்தட்ட இருபது கிலோமீட்டருக்குத் தண்டவாளங்களின் நடுவே பல் வைத்த இரும்புப் பட்டைகள் ஓடும். அதைத்தான் நாங்கள் ராக் என்போம். சாதாரண ரயில் பாதையில் நூறு அடிக்கு ஓர் அடி உயர்ந்தாலே டிரைவர் ஏற்றம் என்பார். இங்கே மிகச் செங்குத்தான இடங்களில் பன்னிரண்டு அடிக்கு ஓர் அடி ஏறுகிறது. அந்தச் சரிவில் வெறும் இரும்புச் சக்கரம் வெறும் இரும்புத் தண்டவாளத்தைப் பிடித்து ஏறாது, வழுக்கிவிடும். அதற்காகத்தான் இன்ஜினுக்கு அடியில் பல்சக்கரம். அது ராக்கைக் கடித்துக்கொண்டு ஏறும்.

ராக் பட்டை ஒன்று இல்லை, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு. ஒன்றில் பல் வரும் இடத்தில் மற்றதில் பள்ளம் வரும்படி மாற்றி மாற்றிப் பொருத்தியிருப்பார்கள். அதனால் ஒரு பல் பிடியை விடும் நேரத்தில் இன்னொரு பல் பிடித்திருக்கும். எந்த நொடியிலும் பிடி முழுவதுமாக விடுபடாது. என் பேத்திக்கு இதை விளக்க இரண்டு சீப்புகளை எடுத்துக்கொண்டேன். ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, ஒன்றை அரைப் பல் அளவு தள்ளிப் பிடித்தேன். உடனே புரிந்துகொண்டாள்.

இன்ஜின் எப்போதும் பள்ளத்துப் பக்கம்தான் இருக்கும். ஏறும்போது பின்னால் நின்று தள்ளும், இறங்கும்போது முன்னால் நின்று தாங்கும். நடுவில் ஓர் இணைப்பு அறுந்தாலும் பெட்டிகள் இன்ஜினைத் தாண்டி ஓட வழியில்லை. கடை வீதியில் மூட்டை ஏற்றிய தள்ளுவண்டியை மேட்டில் ஏற்றும்போது நாம் எந்தப் பக்கம் நிற்போம்? அதே கணக்கு. இவ்வளவுக்கும் மேலே பெட்டிக்கு ஒரு பிரேக்ஸ்மேன் நிற்பார். இன்ஜின் விசிலுக்குத் தகுந்தபடி ஒவ்வொருவரும் தன் பெட்டியின் பிரேக்கைக் கையால் போடுவார், விடுவார். வெயிலோ பனியோ மழையோ, பெட்டியின் முகப்பில் நின்றபடிதான் பயணம். ஜன்னலோரம் உட்கார்ந்து போட்டோ எடுக்கிறவர்கள் அந்த மனிதரையும் ஒரு முறை திரும்பிப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப ஆசை.

குன்னூருக்கு நான் வேலை நிமித்தமாகப் பல முறை போயிருக்கிறேன். நீலகிரி இன்ஜின்களுக்குப் பெரிய பழுதுபார்ப்பு பொன்மலையில்தான் நடக்கும். சில நேரம் உதிரிப்பாகத்தோடு எங்களில் ஒருவரைக் குன்னூர் ஷெட்டுக்கு அனுப்புவார்கள். முதல் முறை போனது ஒரு மார்கழி மாதம். எங்கள் ஊர் மார்கழிக்கு ஒரு துண்டு போதும், அந்த நினைப்பில் ஸ்வெட்டர் இல்லாமல் போய் இறங்கினேன். ஷெட்டில் இருந்த மூத்த ஃபிட்டர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, தன் கோட்டைக் கழற்றிக் கொடுத்தார். "பொன்மலைத் தம்பி, மொதல்ல டீயைக் குடி, அப்புறம் குழிக்குள்ள எறங்கலாம்" என்றார்.

இன்ஜினுக்கு அடியில் குழியில் இறங்கி நின்றால் பல்சக்கரம் கண்ணுக்கு நேரே, ஒரு முழ தூரத்தில் இருக்கும். அன்றைக்குத்தான் மலையிலிருந்து வேலை முடித்து வந்த இன்ஜின். சுற்றிலும் இருட்டு, நல்ல குளிர். இன்ஜினின் அடிவயிறு மட்டும் அடுப்படி மாதிரி சூடாக இருந்தது. மேலிருந்து எண்ணெயும் தண்ணீரும் கலந்து சொட்டிக்கொண்டே இருந்தது. அவர் ஒரு சாக்குத் துணியால் பல்லைத் துடைத்தார். கறுப்பெல்லாம் போனபின் உள்ளே இருந்த இரும்பு எங்கள் ஊர் ஆத்தங்குடித் தரை மாதிரி வழவழவென்று மின்னியது. ராக்கோடு உரசி உரசி வந்த பளபளப்பு. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு பல்லாக விரலால் தடவினார். அளவுத் தகட்டை அப்புறம்தான் எடுத்தார். முதலில் விரல். ஒரு பல்லின் ஓரத்தில் விரல் நின்றது. என் கையைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தார். மயிரிழை அளவுக்கு ஒரு மடிப்பு, அவ்வளவுதான். கண்ணுக்குத் தெரியவே தெரியாது. "இது இன்னும் தாங்கும். ஆனா இது இருக்குன்னு நமக்குத் தெரியணும்" என்றார்.

நோட்டை எடுத்து அந்தப் பல்லின் எண்ணை எழுதிக்கொண்டார். அடுத்த முறை இன்ஜின் குழிக்கு மேல் வரும்போது முதலில் அந்தப் பல்லைத்தான் பார்ப்பாராம். காலையில் நாலு பெட்டி நிறைய ஜனங்கள் அந்தப் பல்லை நம்பித்தான் மலை ஏறப்போகிறார்கள். அவர்களில் ஒருவருக்கும் அந்த நோட்டு இருப்பது தெரியாது, தெரியவும் வேண்டாம். ஆனால் அந்த ரயிலுக்கு பொம்மை என்று பெயர் வைக்கும்போது அந்த விரலையும் சேர்த்து பொம்மை வேலை ஆக்கிவிடுகிறோமே என்றுதான் மனது கேட்கவில்லை.

அங்கே ஓடும் நீராவி இன்ஜினுக்கு எக்ஸ் வகை என்று பெயர். சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் நகரில் கட்டி வந்தவை. சிலிண்டர் நாலு. கீழே உள்ள இரண்டும் ஓடும் சக்கரத்துக்கு, மேலே உள்ள இரண்டும் பல்சக்கரத்துக்கு. ராக்கில் ஏறும்போது கீழ் சிலிண்டரில் வேலை செய்து முடித்த நீராவி வீணாகாமல் மேல் சிலிண்டருக்குப் போய் இன்னொரு முறை வேலை செய்யும். நூறு வருடத்துக்கு முந்தைய மூளை. பழையவை தேய்ந்துகொண்டே வந்ததால், 2011-இல் பொன்மலையிலேயே புதிதாக ஓர் எக்ஸ் இன்ஜினைக் கட்டி முடித்தோம். அதன் பிறகும் கட்டினார்கள். நாடு முழுக்க டீசலும் மின்சாரமும் ஓடும் காலத்தில், திருச்சியில் ஒரு பணிமனை பாய்லர் முதல் பல்சக்கரம் வரை புதிய நீராவி இன்ஜினைச் செய்தது. அந்த வேலையில் என் கையும் இருந்தது. என் வாழ்க்கையில் நான் பெருமையாகச் சொல்லிக்கொள்வது மூன்று நாலு விஷயம் இருக்கும் என்றால் அதில் இது ஒன்று. முதல் முறை நெருப்புப் போட்டு நீராவி ஏறி விசில் ஊதியபோது, பக்கத்து ஷாப்பில் இருந்தவர்கள் எல்லாம் வேலையை அப்படியே வைத்துவிட்டு வாசலுக்கு வந்து நின்றார்கள். பொன்மலையில் தினமும் சங்கு ஊதும், அதைக் கேட்டுப் பழகியவர்கள்தான். இது வேறு குரல் என்று எல்லோருக்கும் தெரிந்தது.

பொம்மை ரயில் என்பது செல்லப் பெயர்தானே, உலகம் முழுக்க அப்படித்தானே சொல்கிறார்கள் என்று நீங்கள் கேட்கலாம். எனக்குத் தெரிந்தவரை டார்ஜிலிங் ரயிலைச் சொல்லிச் சொல்லித்தான் அந்தப் பெயர் நம் பக்கமும் வந்தது. டார்ஜிலிங் பாதையின் அகலம் இரண்டு அடி. பார்க்கச் சின்னதாக இருப்பதால் அப்படிக் கூப்பிட்டிருப்பார்கள். அந்தப் பெயர் சரியா தவறா என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை, அந்த இன்ஜினை நான் தொட்டதில்லை. ஆனால் நீலகிரிப் பாதை மீட்டர் கேஜ், அதாவது ஒரு மீட்டர் அகலம். எங்கள் காரைக்குடிப் பாதையும் 1930-இல் மானாமதுரை வரை போட்டபோது அதே மீட்டர் கேஜ்தான். மெட்ராஸிலிருந்து எங்கள் ஊர் வழியாக ராமேஸ்வரம் போன எக்ஸ்பிரஸ் எல்லாம் அந்த அகலத்தில்தான் ஓடியது. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் போன ஆட்கள் அதில் ஏறித்தான் போனார்கள், வந்தார்கள். அதை ஒருவரும் பொம்மை என்று சொன்னதில்லை. இன்றைக்கு எங்கள் பக்கம் அகலப்பாதை வந்துவிட்டது. தமிழ்நாட்டில் மீட்டர் கேஜில் ரயில் ஓடுவதை இனிப் பார்க்க வேண்டும் என்றால் நீலகிரிக்குத்தான் போக வேண்டும்.

குன்னூர் ஸ்டேஷனோடு எங்கள் ஊருக்கு இன்னொரு ஒற்றுமையும் உண்டு. எங்கள் ஊர்ப் பெயரிலேயே ரஸ்தா இருக்கிறதே, அது ஏன் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். ரயில் தேவகோட்டைக்குள் போகவில்லை. தேவகோட்டை போகிறவர்கள் இங்கே இறங்கி, அந்தக் காலத்தில் மாட்டு வண்டியோ குதிரை வண்டியோ பிடித்து ஊருக்குப் போனார்கள். ஊருக்குப் போகும் சாலைதான் ரஸ்தா, அதனால் ஸ்டேஷனுக்கும் ரஸ்தா என்றே பெயர். நீலகிரிக்கு ரயில் வேண்டும் என்ற பேச்சு 1854-லேயே தொடங்கிவிட்டது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ரயில் வந்தது 1899 ஜூன் 15-இல். நாற்பத்தைந்து வருடம்! அப்போதும் ஊட்டிக்குப் பாதை இல்லை, அது 1908-இல்தான் போனது. நடுவில் ஒன்பது வருடம் ஊட்டிக்குப் போகிறவர்கள் எல்லாம் குன்னூரில் இறங்கி வண்டி பிடித்துத்தான் போனார்கள். ஊட்டிக்குக் குன்னூர்தான் ரஸ்தா. இதை நான் ஷெட்டில் சொன்னபோது அந்த மூத்த ஃபிட்டர் ரொம்ப ரசித்தார். அதற்கப்புறம் என்னைப் பார்த்தால் "வாங்க ரஸ்தாக்காரரே" என்பார்.

இப்போதும் குன்னூரில்தான் அந்த ரயிலின் குணம் மாறும். ராக் அங்கே முடிகிறது. மலை ஏற்றி வந்த நீராவி இன்ஜினைக் கழற்றிவிட்டு டீசல் இன்ஜினை மாட்டுவார்கள். அதற்கு மேலே வெலிங்டன், அருவங்காடு, கேத்தி, லவ்டேல், அப்புறம் ஊட்டி. வெலிங்டனில் ராணுவ மையம், அருவங்காட்டில் ஸ்டேஷனை ஒட்டியே கார்டைட் வெடிமருந்துத் தொழிற்சாலை. வேலைக்குப் போகிறவர்களும் படிக்கிற பிள்ளைகளும் ஏறி இறங்குகிற ஸ்டேஷன்கள் இவை. சுற்றுலாக்காரர் ஒருவரும் இல்லாத மழை நாளில் குன்னூர் பிளாட்பாரத்தில் நின்று பார்த்திருக்கிறேன். டிபன் கேரியரும் குடையுமாக ஏறுகிறவர்களைப் பார்த்தால் எங்கள் காரைக்குடி பாசஞ்சரில் ஏறுகிற கூட்டத்துக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது, குளிருக்குப் போட்ட ஸ்வெட்டர் தவிர.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். ஐப்பசி, கார்த்திகையில் மலையில் மண் சரிந்தால் ரயிலை நிறுத்துவார்கள். மறுநாள் பத்திரிகையில் ரயில் ரத்து, சுற்றுலாப் பயணிகள் ஏமாற்றம் என்று வரும். ஏமாற்றம்தான், இல்லை என்று சொல்லவில்லை. என் அப்பா கேங்மேன். கல்லலுக்கும் ரஸ்தாவுக்கும் நடுவே பாதை பார்த்தவர். மழைக்காலத்தில் ராத்திரி அரிக்கேன் விளக்கோடு தண்டவாளத்தில் நடந்தே போவார். எங்கள் பக்கம் கண்மாய் உடைந்தால்தான் பாதைக்கு ஆபத்து. தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வரும் என்று தெரியும், கரையைப் பார்த்தால் கொஞ்சம் முன்கூட்டியே சொல்லவும் முடியும். அப்பா வீடு திரும்பும்வரை அம்மா விளக்கை அணைக்க மாட்டார். மலையில் அப்படி இல்லை. தலைக்கு மேலே நனைந்து கனத்த மண், அதில் எப்போது எந்தப் பாறை புரளும் என்று தெரியாது. 2009 நவம்பரில் நீலகிரியில் நடந்த சரிவுகள் நினைவிருக்கும். நாற்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின, ரயில் பாதையும் பல இடங்களில் சேதமானது. அந்தப் பாதையில் 208 வளைவு, 250 பாலம், 16 குகை. அத்தனையையும் மழையில் நடந்து பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். ரயில் நின்றது என்றால் அவர்களில் ஒருவர் போய்ப் பார்த்து, வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார் என்று பொருள். அடுத்த முறை ரத்து என்று செய்தி போடும்போது, எந்த இடத்தில் சரிந்தது, எத்தனை பேர் மண் அள்ளுகிறார்கள் என்று இரண்டு வரி சேர்த்துப் போட்டால் அந்தக் குடும்பங்கள் சந்தோஷப்படும். எங்கள் வீட்டில் அப்பாவைப் பற்றி அப்படி ஒரு வரி எந்தப் பத்திரிகையிலாவது வந்திருந்தால் அம்மா அதை வெட்டி சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருப்பார்.

யுனெஸ்கோ 2005-இல் இந்தப் பாதையை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, இந்தியாவின் மலை ரயில்பாதைகள் என்ற பெயரின் கீழ்தான் சேர்த்தது. மலை ரயில் என்பதே நல்ல தமிழ், சொல்லவும் அழகாக இருக்கிறது. குழந்தைக்கும் புரியும்.

இந்தக் கோடையில் பேத்தியை நானே கூட்டிப்போகிறேன். மேட்டுப்பாளையத்தில் காலை ஏழு மணி வண்டிக்கு முன்பதிவு செய்தாயிற்று. ஹில்குரோவில் இன்ஜின் தண்ணீர் பிடிக்கும், அங்கே இறங்கி ஒரு முறை பார்க்கலாம். ஆனால் நன்றாகப் பார்க்க வேண்டிய இடம் குன்னூர். உங்கள் வாசகர்கள் போனால் அவர்களுக்கும் சொல்லுங்கள். வண்டி நின்றதும் டீக்கடைப் பக்கம் போகாமல் நேரே கடைசிப் பெட்டிக்கு வாருங்கள். இன்ஜினைக் கழற்றுவதற்கு முன் கொஞ்ச நேரம் இருக்கும். பிளாட்பாரத்தில் நின்றபடியே சற்றுக் குனிந்தால், மேலும் கீழுமாக இரண்டு சிலிண்டர் தெரியும். மூச்சு வாங்குவது மாதிரி நீராவி விட்டுக்கொண்டிருக்கும். பிள்ளைகளைக் கொஞ்சம் தள்ளி நிறுத்திக்கொள்ளுங்கள், சூடு அதிகம். பிரேக்ஸ்மேன் கீழே இறங்கி வந்தால் ஒரு வணக்கம் சொல்லுங்கள்.

கடிதம் நீளமாகிவிட்டது. இடம் இல்லை என்றால் நடுவில் எதை வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள், அந்த நோட்டைப் பற்றி எழுதியதை மட்டும் விட்டுவையுங்கள். இதற்கு நீங்கள் என்ன தலைப்பு வைத்தாலும் சம்மதம். அதில் மலை ரயில் என்று இருந்தால் போதும்.

இப்படிக்கு,
பொன்மலைப் பணிமனை ஓய்வூதியர் ஒருவர்,
தேவகோட்டை ரஸ்தா.